பாசறை புக்க பெண்மணி

வினைமேற் சென்ற தலைவன் பாசறையில் இருப்பான். தலைவி மனையகத்தே கார்ப்பருவம் நோக்கி ஆற்றியிருப்பாள். முல்லைத்திணை பயின்றார் அனைவரும் அறிந்த செய்தி இது. பாசறைக்கு மகளிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை எனத் தொல்காப்பியரும் வரையறுத்தனர். தலைவி வினைமேற் பிரியத் தலைவன் மனைக்கண் ஆற்றியிருத்தற்கோ யாம் கற்ற அளவில் ஒரு துறையேனும் இல்லை. இக்குறையை எண்ணுந்தோறும் எம் நினைவிற்கு வருபவர் மேரி கோல்வின் அம்மையார்.

1956இல் நியூயார்க்கு நகரிற் பிறந்த இவர், இலண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையின் போர்நிருபராய் விளங்கினார். 1999இல் கிழக்குத் திமோரிலே, முற்றுகைக்குட்பட்ட ஐக்கிய நாட்டுச் சபை வளாகத்திற் பெண்டிரும் சிறாருமாக ஏறத்தாழ 1500 பேர் சிக்கியபோது, அவரைக் கைவிட்டு வெளியேற மறுத்து உடனிருந்து எழுதினார். 2001இல் இலங்கை அரசின் தடையை மீறி வன்னிக்குள் மறைவாகப் புகுந்து, உணவும் மருந்தும் அரிதாகிய தமிழ் மக்களின் நிலையை நேரிற் கண்டார். ஏப்ரல் மாதத்து ஓரிரவில், போர்முனையைக் கடந்து மீளுங்கால், படையினர் சுட்டனர். தாம் பத்திரிகையாளர் எனக் கூவியும் குண்டொன்று வந்து வெடித்தது என்பது அவர் கூற்று. இடக்கண் ஒளியிழந்தது. மருத்துவமனையிற் கிடந்தவாறே கட்டுரையை எழுதி விடுத்தார். பின்னரும் கருந்துணியால் அக்கண்ணை மறைத்துக்கொண்டு போர்முனைகட்கே சென்றார். 2012 பெப்ரவரி 22ஆம் நாள், சிரியாவின் ஹோம்ஸ் நகரில் குண்டுவீச்சில் மாண்டார்.

இவ்வம்மையார் தொழிலின்பொருட்டுக் காதலைப் பலியிட்டார் என்று இரங்குதல் எளிது. இவர்தம் மணங்கள் முறிந்தன என்பதும் மெய்யே. அத்துயரை யாம் சிறிதாக்கிக் கூறேம். ஆயின், இவர் கணவராயிருந்த பேட்ரிக் பிஷப், குவான் கார்லோஸ் குமூசியோ ஆகிய இருவரும் போர்ச்செய்தி எழுதியவரே! அவர் புறப்பட்ட காலத்து, ‘இல்லறம் என்னாம்?’ என்று வினவியவர் எத்துணைப் பேர்? ஆடவன் பிரிந்தால் கடமை. பெண் பிரிந்தால் கன்னெஞ்சு. இத்துலாக்கோல் நேரியதன்று.

உயிரைப் பணயம் வைத்தும் ஒருவர் சென்று காணல் வேண்டுமோ எனின், எம்மூராகிய கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையைக் காட்டுவேம். அங்குப் போர் இல்லை. எனினும் காணாமையின் விளைவு அங்கு உண்டு. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்து, 1976இலேதான் அம்மலை ஜாகீர்தார்களின் ஆட்சியினின்று நீங்கியது. அடிவாரத்தினின்று நோக்குவார்க்கு நீலநிறம் ஒன்றே புலனாகும். மலையாளி மக்கள் ஆங்கு யாருக்கு என்ன வரி கொடுத்து எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதை ஏறிச்சென்றவரன்றோ அறிவர்?

எம் தமக்கையார்க்கு இதழியல் கற்று நிருபராதல் வேண்டும் என்பது விருப்பம். “ஊர் ஊராய்த் திரியும் பெண்ணை யார் கொள்வார்?” என்கின்றனர் எம் பாட்டியார். இது வெறும் பழமைப்பேச்சன்று. அவர்தம் அச்சத்தில் அன்பும் உளது. தமக்கையாரோ மறுமொழி கூறாது விண்ணப்பத்தை நிரப்பி வைத்துள்ளார். பெண் கேட்டு வருவாரிடம் அதனை மறைத்தல் வேண்டா, முதலிலேயே காட்டிவிடுக என்பதே யாம் அவர்க்குக் கூறியது.