அசையாத எண்

தரவுத்தளம் ஒன்று மெதுவாகிவிட்டதென முறைப்பாடு வந்தால், அதனைப் பராமரிப்பவன் முதலில் வட்டைச் சந்தேகிப்பான், அடுத்து நினைவகத்தை, அதன்பின் பிறர் எழுதிய வினவல்களை. 2015ஆம் ஆண்டில், கொழும்பிலுள்ள நிறுவனமொன்றிற் பணியாற்றியபோது, நானும் இவ்வரிசையைப் பிசகாது பின்பற்றினேன். அதனால் ஒருவருக்கு நேர்ந்த தீங்கை இங்கு எழுதத் துணிகிறேன். கணினித் துறை சாராத வாசகர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும்.

வங்கிகளின் சார்பில் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது எமது நிறுவனத்தின் தொழில். நாளொன்றுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட செய்திகள் செல்லும். வரும் செய்தி ஓர் அட்டவணையில் எழுதப்படும்; அனுப்பும் செய்நிரல் அவற்றுள் மிகப் பழைய நூறை எடுத்து அனுப்பிவிட்டு, அவ்வரிகளை அழித்துவிடும். எனவே அட்டவணை என்றும் சிறியதாகவே இருத்தல் வேண்டும். ஆயினும் காலையிற் கண்ணிமைக்கும் பொழுதில் முடிந்த அவ்வேலைக்குப் பிற்பகல் இரண்டு மணியளவில் ஐந்து வினாடிகள் வரை சென்றன. பணம் அனுப்புவதற்கான இரகசிய இலக்கம், அதன் ஆயுள் முடிந்தபின் கைத்தொலைபேசியை வந்தடைந்தது. வங்கிகள் தொலைபேசியில் எம்மைத் திட்டின.

நாம் பயன்படுத்தியது மைஎஸ்கியூஎல். அதனுள்ளே தரவைச் சேமிக்கும் இயந்திரம் இன்னொடிபி. பின்லாந்து நாட்டவரான ஹெய்க்கி தூரி ஆக்கியது. அவருடைய நிறுவனத்தை 2005இல் ஒராக்கிள் வாங்கிக்கொண்டது. தரவை 16 கிலோபைற்று அளவான பக்கங்களாக வட்டில் வைத்து, வேண்டியவற்றை நினைவகத்தில் ஒதுக்கிய பகுதிக்குக் கொண்டுவந்து வாசிப்பது இதன் வழக்கம். அப்பகுதி, யாரும் மாற்றாவிடின், 128 மெகாபைற்று மட்டுமே. அதனை 8 கிகாபைற்றாக உயர்த்திச் சேவையகத்தை நிறுத்தி மீள இயக்கினேன். உடனே வேகம் திரும்பியது. நோய் தீர்ந்ததென மேலாளருக்கு அறிவித்தேன். மறுநாட் பிற்பகல் அது மீண்டும் வந்தது.

எஞ்சியது வினவல். அதை எழுதியவர் எமது பிரிவில் ஓராண்டுக்கு முன் சேர்ந்த இளம் பெண். அவருடைய வினவல் முதன்மைச் சுட்டியையே பயன்படுத்துகிறதென இயந்திரமே விளக்கியும், அதை இருமுறை மாற்றி எழுதுவித்தேன். பயனில்லை. மெதுவான வினவல்களின் பதிவேடு ஒவ்வொரு முறையும் நூறு வரிகளே ஆராயப்பட்டன என்றது. நூறு வரிக்கு ஐந்து வினாடியா? அந்த வினா என்னை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. என் மேசைத் திரையிலோ, நானே எழுதிய கண்காணிப்புச் செய்நிரல் நிமிடத்துக்கொருமுறை அட்டவணையின் வரிகளை எண்ணிக் காட்டியது. அன்று அது காட்டிய எண் 37. “37 வரிகள் கொண்ட அட்டவணையை வாசிக்க ஐந்து வினாடி எடுக்கும் செய்நிரல் பிழையானதே” என்று இரண்டு பக்க அறிக்கை எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். முப்பத்தேழு வரிகளே உள்ள அட்டவணையில் நூறு வரிகளை எவ்வாறு ஆராய்வது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்த வாரமே அவரை அவ்வேலையிலிருந்து நீக்கி, கணக்குப் பிரிவின் படிவங்களைத் திருத்தும் வேலைக்கு மாற்றினர்.

இடையில் வந்த போயா தினத்தில் தாமதமே இல்லை. வங்கிகளுக்கு விடுமுறை, ஆகவே செய்திகள் குறைவு என்று அதற்கும் ஒரு காரணம் கண்டேன். பின்னர் ஒரு சாவீட்டுக்காக மூன்று வேலைநாள் யாழ்ப்பாணம் சென்று திரும்பினேன். படிக்கட்டில் எதிர்ப்பட்ட அவர், “நீங்கள் இல்லாத மூண்டு நாளும் ஒரு கரைச்சலும் இல்லை, அண்ணை” என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அன்று பிற்பகல், திறந்திருக்கும் கொடுக்கல்வாங்கல்களின் பட்டியலை முதன்முறையாக எடுத்துப் பார்த்தேன். காலை 8.52க்குத் தொடங்கிய ஒன்று இன்னும் முடியாமல் இருந்தது. அதன் எதிரே இருந்தது என் பெயர்.

நடந்தது இதுதான். இன்னொடிபி ஒரு வரியை அழிக்கும்போது உடனே அகற்றுவதில்லை. அழிந்ததென்று குறியிட்டு வைக்கிறது. அதற்கு முன்னரே வாசிக்கத் தொடங்கிய எவருக்காவது அப்பழைய வரி தேவைப்படலாம் அல்லவா? அத்தகையோர் எல்லோரும் விலகிய பின்னரே துப்புரவு நடைபெறும். பைதன் மொழியில் நான் பயன்படுத்திய இணைப்பான், முதலாவது வாசிப்புடன் கொடுக்கல்வாங்கலொன்றைத் தானே தொடங்கிவிடும். அதனை முடித்துவைக்கும் கட்டளையை நான் எழுதவில்லை. எனவே காலையில் நான் வந்து அதை இயக்கியது முதல் மாலையில் நிறுத்தும் வரை, துப்புரவு வேலை எனக்காகக் காத்திருந்தது. அழிந்த இலட்சக்கணக்கான வரிகள் அட்டவணையின் தலைப்பகுதியிற் கிடந்தன. மிகப் பழைய நூறைத் தேடிவரும் அந்தப் பெண்ணின் செய்நிரல் அவை அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது. தாண்டப்பட்டவை பதிவேட்டின் கணக்கிற் சேர்வதில்லை. இயந்திரத்தின் நிலையறிக்கையில், துப்புரவாக்கப்படாத வரலாற்றின் நீளம் ஆறிலக்க எண்ணாக நின்றது. அவ்வறிக்கையை நான் பலமுறை திறந்திருக்கிறேன். அந்த வரியை மட்டும் வாசித்ததில்லை.

என் திரையின் எண்ணும் அவ்வாறே. முதல் வாசிப்பின்போதிருந்த நிலையையே அது நாள் முழுவதும் திரும்பத் திரும்ப எண்ணியது. வெளியே ஆயிரக்கணக்கிற் செய்திகள் தேங்கியபோதும் அது அசையவில்லை. அந்த அசையாமையை நான் ஒழுங்கென்று எண்ணினேன்.

செய்நிரலை நிறுத்தினேன். சில நிமிடங்களில் அந்த நீளம் இறங்கத் தொடங்கியது, தாமதமும் மறைந்தது. ஒரேயொரு வரியைச் சேர்த்ததுடன் திருத்தம் முடிந்தது.

இரண்டாவது அறிக்கை அரைப் பக்கத்துக்குள் அடங்கிற்று. மேலாளரிடம் கொடுப்பதற்கு முன் அதைக் கணக்குப் பிரிவுக்கு எடுத்துச் சென்று அவரிடம் நீட்டினேன். அவர் நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்தும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, “இணைப்பு ஏற்பட்ட நேரத்திலிருந்து” என்று நான் எழுதியிருந்ததை வெட்டி, “முதல் வாசிப்பிலிருந்து” என்று மேலே எழுதித் தந்தார்.