அப்பாவுக்கு ஒரு தூரக் கண்ணாடி

உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியுமா? தெரிந்தால், என்றைக்காவது ஒரு நாள் உங்களுக்கும் பைனாகுலர் வாங்கும் சபலம் தட்டத்தான் போகிறது. அன்றைக்கு நீங்களும் என்னைப் போல் அசடாகிவிட வேண்டாமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையில் இருக்கிறது. யாருடைய காலடியோ என்று பக்தியுடன் யோசிக்காதீர்கள்! 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் துரை நெசவாளர்களுக்காக உண்டாக்கிய காலட் பேட்டை, நம்மவர் வாயில் அப்படி ஆகிவிட்டது. மாடிக்குப் போனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஊர்வதும், அதற்கு அப்பால் கடலும், துறைமுகத்தில் இடம் கிடைப்பதற்காக நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களும் தெரியும்.

அப்பா 35 வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது முழங்கால் வலி. கடற்கரைக்குக் கூட நடக்க முடியாது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. மாலையில் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கப்பல்களை எண்ணுவார்.

போன ஆண்டு ஒரு நாள் தம்பி போன் செய்தான். கப்பலில் இயந்திரப் பிரிவில் வேலை அவனுக்கு. வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. "அக்கா, எங்க கப்பல் இன்னும் பத்து நாள்ல மெட்ராஸ் வருது. ஆனா இறங்க விடமாட்டாங்க. வெளியில நங்கூரம் போட்டுட்டு, சரக்கை இறக்கினதும் போயிடுவோம்" என்றான்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், "ஏம்மா, அந்த பைனாகுலர்னு விக்கறாங்களே, அது என்ன விலை இருக்கும்?" என்று கேட்டார். பெற்ற பெண்ணிடம் எதையுமே கேட்டறியாத மனிதர் அவர். மறுநாளே புறப்பட்டுவிட்டேன்.

நான் போன கடைக்காரர் லேசுப்பட்டவரல்ல, எம்டன்! (1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்துவிட்டு நழுவிய ஜெர்மன் கப்பல்தான் நமக்கு இந்த அருமையான வார்த்தையைக் கொடுத்தது.) "மேடம், இது 180 மடங்கு பெரிசாக் காட்டும். கண்ணாடி 100 மில்லிமீட்டர். கப்பல்ல மீன் வறுத்தா வாசனையே வரும்!" என்றார். கண்ணாடியின் மேல் மாணிக்கம் போல் சிவப்புப் பூச்சு வேறு மின்னிற்று. 2,800 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

அப்பா ஆசையாக எடுத்துக் கண்ணில் வைத்தார். ஐந்து நிமிஷம் கடலைத் துழாவினார். பிறகு மெதுவாக மடியில் வைத்துவிட்டு, "எனக்குத்தான் கண்ணு சரியில்ல போலிருக்கு" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் கண்ணில் குற்றமே இல்லை! கப்பல் ஒன்று புகைமூட்டத்தில் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்து தையல் டேப்பை எடுத்து முன்கண்ணாடியை அளந்தேன். 100 மில்லிமீட்டர் என்றால் 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டாமா? 5 கூட இல்லை. கடைக்குத் திரும்பிப் போனால், "விற்ற சரக்கு வாபஸ் இல்லை" என்று தலைக்குமேல் பலகை.

பக்கத்து வீட்டுப் பிள்ளையாண்டான் ஒரு யோசனை சொன்னான்: ஏர்கன் துப்பாக்கியின் மேல் பொருத்தும் டெலஸ்கோப், 24 மடங்கு, மலிவாகவே கிடைக்கிறதாம். நல்ல வேளை, எங்கள் தெருக்கோடியில் ஒரு தண்டல் பெரியவர் இருந்தார். கடலிலேயே வாழ்ந்து தலை நரைத்தவர். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாம்மா இது! துப்பாக்கி அசையாம மூட்டை மேல படுத்துக்கினு இருக்கும். உங்க நைனா கை அப்படியா? எத்தினி மடங்கு கப்பலைப் பெரிசாக்குதோ, அத்தினி மடங்கு கை நடுக்கத்தையும் பெரிசாக்கும்!"

எவ்வளவு எளிய உண்மை, பாருங்கள்! விசாரித்ததில், துப்பாக்கி சுடுகிறவர்களுக்கும் இதே தொல்லைதானாம். மடங்கை ஏற்ற ஏற்ற, சொந்த இதயத் துடிப்பே குறியை ஆட்டுமாம். தரையிலிருந்து எழும் அனல் குறிப்பலகையை நெளிய வைக்குமாம். தெரிகிற பரப்பும் சுருங்கிவிடும். 24 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் சுமார் ஒன்றரை மீட்டர் அகலந்தான் தெரியும். 5 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கப்பலில் அது வெறும் 75 மீட்டர். கப்பலின் எந்த மூலையைப் பார்க்கிறோம் என்றே தெரியாது.

பைனாகுலரின் மேல் இரண்டு எண்கள் போட்டிருக்கும். முதலாவது மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். கப்பல் அதிகாரிகள் விரும்புவது 7×50. வகுத்தால் 7 மில்லிமீட்டர். இருட்டில் இளம் கண்ணின் பாவை அந்த அளவுக்கு விரியும். வயதானவர்களுக்கு அவ்வளவு விரியாது. 5 இருந்தாலே போதும். எனவே தண்டல் பெரியவர் 7×50 வாங்கச் சொல்லியும், நான் 8×40 என்று தீர்மானித்தேன். எடையும் குறைவு. (பெரியவருக்கு இதில் இன்னும் வருத்தந்தான்!)

இந்தத் தடவை நல்ல கடையாகப் பார்த்து, பழைய சரக்கு ஒன்றை 3,500 ரூபாய்க்குப் பேசினேன். வாங்குமுன் செய்த சோதனைகளை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குள்ளேயே சுவரைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வாசலுக்கு வந்து தூரத்துப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் இரண்டு குழல்களும் ஒரே நேராக இல்லை என்று அர்த்தம், தலைவலிதான் மிஞ்சும். பிறகு கையை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தை வெளிச்சத்தில் கவனியுங்கள். அங்கே தெரியும் ஒளி வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது மலிவான முப்பட்டகம். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு ரப்பர் வளையம் மடங்குகிறதா என்பது மிக முக்கியம். வலது கண்ணுக்குத் தனியாக ஒரு திருகு உண்டு. அப்பாவின் இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறு. அதைத் திருப்பிச் சரி செய்ததும்தான் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

நடுக்கத்துக்கு என்ன செய்வது? ஒட்டடைக் கொம்புதான்! தலைப்பில் பழந்துணியைச் சுற்றி நாற்காலி முன்னால் நிறுத்தி, பைனாகுலரை அதன்மேல் சார்த்திக் கொடுத்தேன். காசில்லாத வைத்தியம்.

நேரமும் பார்க்க வேண்டும். நம் ஊரில் சூரியன் கடலிலிருந்தல்லவா கிளம்புகிறது? காலையில் கப்பலெல்லாம் கருநிழல். தவறிச் சூரியனையே பார்த்துவிட்டால் கண்ணே போய்விடும். குழந்தைகள் உள்ள வீட்டில் மறந்தும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். மாலையில் வெயில் நம் முதுகுப்பக்கம் இருந்து கப்பல்மேல் அடிக்கும்போது துலாம்பரமாகத் தெரியும்.

தம்பியின் கப்பல் வந்தது. எது அவனுடையது என்று செல்போனே காட்டிக் கொடுத்துவிட்டது. 5 கிலோமீட்டர் தூரம் என்றும் சொல்லிற்று. அப்பா அதைச் சட்டை செய்யவில்லை. பேரைத் தாமே படிக்க வேண்டுமாம்! எட்டு மடங்கு என்றால் 5 கிலோமீட்டர் 625 மீட்டராகிறது. ஆளுயரத்தில் பாதிக்குமேல் எழுத்து இருந்தாலும் அது நல்ல கண்ணுக்கே சோதனைதான். அப்பாவால் படிக்க முடியவில்லை. "முதல் எழுத்து மட்டும் வட்டமா இருக்கு" என்றார்.

மணி ஐந்தரை. தம்பி போனில், "அக்கா, முன்தளத்துக்கு வந்துட்டேன். ஆரஞ்சு கலர் உடுப்பு. கையை ஆட்டறேன், அப்பாவைப் பாக்கச் சொல்லு" என்றான்.

அப்பா கொம்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். மூச்சுவிடாமல் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இளைச்சுட்டாம்மா" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். கப்பலின் முனையில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தது. "ஆமாம்பா, கொஞ்சம் இளைச்சுத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அவசரமாகப் பைனாகுலரை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.