அஞ்சு சனிக்கிழமை, ஒரு கடற்கரை!

இங்கிலாந்துல 'சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத்'னு ஒரு நடைபாதை இருக்கு. கடலை ஒட்டியே 1,014 கி.மீ. போகுது. அதை ஒரே மூச்சுல நடக்கிறவங்க கொஞ்சப் பேர்தான். மத்தவங்க லீவு கிடைக்கிறப்ப வந்து, போன தடவை விட்ட இடத்துல இருந்து தொடருவாங்க. வேல்ஸ்ல 2012-ல முழுக் கடற்கரைக்குமே 1,400 கி.மீ.க்கு பாதை திறந்துட்டாங்க. 'அதெல்லாம் அங்க பாஸ்... நமக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதியைச் சுத்திட்டு இருட்டுக்கடை கூட்டத்துல நிக்கிறதுதான் டிரெக்கிங்'னு சலிச்சுக்கிறீங்களா? உங்களுக்குத்தான் இந்த மேட்டர்!

நம்ம தாமிரபரணி கடல்ல சேர்ற இடம் புன்னைக்காயல். அங்கிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கரையோரமா சுமார் நூறு கிலோமீட்டர். போர்டு, அம்புக்குறி எதுவும் கிடையாது. ஆனா, நடக்கலாம். நாங்க மூணு பேர் அஞ்சு சனிக்கிழமையில முடிச்சோம். விடியக் காலையில டவுண்ல கிளம்பி, ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பியாச்சு.

முதல் சனிக்கிழமை புன்னைக்காயல் டு திருச்செந்தூர். பதினஞ்சு கிலோமீட்டரை ஒட்டி வரும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பாண்டியர்களோட முத்துத் துறைமுகமான கொற்கை இப்ப கடலை விட்டு பல கிலோமீட்டர் உள்ளே, வயக்காட்டுக்கு நடுவுல இருக்கு. ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டி கடலையே தள்ளிவிட்டுடுச்சு. அதாவது, நீங்க நடக்கப்போறது நிலையா நிக்கிற கோடு இல்லை. புன்னைக்காயலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1578-ல கொல்லத்துல அச்சான 'தம்பிரான் வணக்கம்' புத்தகத்தைத் தமிழ்ல தந்த அண்ட்ரிக் அடிகளார் வேலை பார்த்த ஊர் இது.

நடக்க ஆரம்பிச்ச அரை மணி நேரத்துல கெண்டைக்கால் கதறும். காய்ஞ்ச மணல்ல நடக்க, தார் ரோட்டுல நடக்கிறதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு சக்தி வேணும். காலை வைக்கிறப்பல்லாம் மணல் நழுவி, நாம போட்ட விசையைத் தின்னுடும். அதனால, அலை நனைச்சுட்டுப் போன ஓரத்தைப் பிடிங்க. ஈர மணல்ல துகளுக்கு நடுவுல நிக்கிற தண்ணியோட பரப்பு இழுவிசை மணலை இறுக்கிப் பிடிச்சுக்கும். செமஸ்டர்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் நம்மளைப் படுத்தினாலும், கடற்கரையில கைகொடுக்குது!

ரெண்டாவது கட்டம் திருச்செந்தூர், ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு. இந்த வழியில நமக்கு ஒரு சீனியர் இருக்கார். பிரான்சிஸ் சேவியர்! 1542-ல இந்தக் கரைக்கு வந்தவர். 1544-ல அவர் எழுதின கடிதங்களோட முகப்பைப் பார்த்தா மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல்னு ஊர் பேர் வரிசையா வருது. கிட்டத்தட்ட நடைப்பயண டைரிதான். அந்த வருஷம் ஜூன் மாசம், குமரிப் பக்கம் ஆபத்துல இருந்த மக்களுக்கு உதவ தோணியில கிளம்பியிருக்கார். எதிர்க்காத்து விடலை. கடைசியில தரை வழியா நடந்தே போனார். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்தத் தென்மேற்குக் காத்து இன்னிக்கும் அப்படித்தான், மணலை வாரி மூஞ்சில அடிக்கும். ஜனவரி, பிப்ரவரிதான் பெஸ்ட். மணப்பாட்டுல குன்று மேல திருச்சிலுவைக் கோயில், கீழே சேவியர் தங்கின குகை, அந்தப் பக்கம் கடல். மணிரத்னத்தோட 'கடல்' படம் பார்த்தவங்களுக்கு ஊர் அடையாளம் தெரியும். அரை நாள் சும்மாவே உக்காந்திருக்கலாம்.

மூணாவது கட்டத்தை மட்டும் தள்ளிப்போடாதீங்க. மணப்பாடு டு உவரி. சீரியஸா சொல்றேன்.

இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டினாங்க. பேரு குலசேகரன்பட்டினம்னாலும், மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சின்னு இந்தப் பக்கத்து ஊர்கள்ல நிலம் எடுத்திருக்காங்க. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டா இலங்கை மேல போகாம வளைச்சுத் திருப்பணும், அதுக்கு எரிபொருள் தண்டம். இங்கிருந்து நேர் தெற்கே வெறும் கடல். சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய லாபம். ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடண்டா எனக்குப் புல்லரிக்குது. ஆனா, ஏவுதளம்னா வேலி வரும், ராக்கெட் விடுற நாள்ல கரையில ஆள் நிக்க முடியாது. நமக்கு ஒரு சனிக்கிழமை போச்சு, அவ்வளவுதான். அங்க வலை வீசுறவங்களுக்குத் தொழில் நாள் போகும். ரெண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கு.

பெரியதாழையில கடலுக்குள்ள கல்லைக் கொட்டி நீட்டியிருக்கிறதைப் பார்ப்பீங்க. தூண்டில் வளைவுன்னு சொல்வாங்க. கரையோரமா நகர்ற மணலை இது மறிச்சுப் பிடிக்கும். மணல் வர்ற பக்கம் கரை வளரும். மறுபக்கத்துக்குப் போகவேண்டிய மணல் போகாது, அங்க கடல் அரிக்கும். உடனே அடுத்த ஊர்க்காரங்களும் தூண்டில் வளைவு கேப்பாங்க. கேக்காம என்ன செய்வாங்க, வள்ளம் ஏத்தி வைக்க இடம் வேணாமா? நமக்கோ கல்லு மேல ஏறி இறங்கணும், இல்லைன்னா ஊருக்குள்ள சுத்திப் போகணும்.

ஊருக்குள்ள போனா கண்டிப்பா ஒரு கேள்வி வரும். "யாரு வீட்டுக்கு வந்திய?" யார் வீட்டுக்கும் இல்லை, குமரிக்கு நடக்கோம்னு சொன்னா, "நேர்ச்சையா தம்பி?"ன்னு அடுத்த கேள்வி. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த மண்ணு இல்லையா, சும்மா நடக்கிறவனை நம்ப மாட்டாங்க. பெரியதாழையில ஒரு பாட்டி கடைசி வரைக்கும் நம்பலை. ஆனாலும், ஆளுக்கு ஒரு செம்பு நீச்சத்தண்ணி குடுத்துதான் அனுப்பினாங்க.

நாலாவது கட்டம் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை. வெயில் ஜாஸ்தி, நிழல் கம்மி, சீக்கிரம் முடிங்க. இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னாடி மட்டும் கொஞ்சம் நில்லுங்க. 2011-ல அணு உலைப் போராட்டத்துக்கு ஊரே உக்காந்திருந்த இடம் அது.

அஞ்சாவதுல கரை அறுந்துபோகுது. கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் கடலோரமா தாண்ட முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. முதல் உலை 2013-லயும் ரெண்டாவது 2016-லயும் மின்சாரம் தர ஆரம்பிச்சது, இன்னும் நாலு கட்டுறாங்க. ரோட்டுக்கு ஏறி பஸ் பிடிச்சு, பெருமணல்ல இறங்கிக் கரையைப் பிடிங்க. இங்கிலாந்துல கடலோரம் நடக்கிற உரிமைக்குன்னே 2009-ல சட்டம் போட்டாங்க. இங்கே அப்படி ஒண்ணு வந்தா, முதல் பஞ்சாயத்து இந்த இடத்துலதான் ஆரம்பிக்கும். அப்புறம் கூட்டப்புளி, திருவிதாங்கூர் காலத்து வட்டக்கோட்டை, சின்னமுட்டம் துறைமுகம், குமரி!

கடைசியா சில விஷயங்கள். தனியா போகாதீங்க. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, தொப்பி கட்டாயம். ஆத்து முகத்துவாரத்தை எங்க தாண்டலாம்னு மீனவர்கள்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க, நேத்து முழங்கால் அளவு இருந்த இடம் இன்னிக்குக் கழுத்தளவு இருக்கும். வலை காயப்போட்டிருந்தா மிதிக்காம சுத்திப் போங்க. முதல் கட்டத்தை முடிச்சதும் திருச்செந்தூர்ல இருந்து ரயில்ல திரும்புறதுதான் சுகம், ஆழ்வார்திருநகரி தாண்டுறதுக்குள்ள மூணு பேருமே தூங்கிட்டோம்.