வாப்பாவின் மறதி



“நேற்றுத்தானே சொன்னேன் வாப்பா, அதற்குள் மறந்துவிட்டீர்களா?” என்று என் தந்தையாரை நான் கடிந்துகொண்ட நாட்களை எண்ணினால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர் அவர். எவ்வளவு நீண்ட கணக்கையும் மனத்திலேயே கூட்டிச் சொல்வார். எழுபது வயதைத் தாண்டியதும் சில்லறை கொடுப்பதில் தடுமாறினார். பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் நின்றார். ‘வயதாகிவிட்டது’ என்று நாங்களே தீர்ப்பு எழுதி, கல்லாப்பெட்டிச் சாவியையும் வாங்கிக்கொண்டோம்.

சர்க்கரை நோய்க்காக அவரைப் பார்த்துவந்த மருத்துவர், ஒருநாள் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்துக் கேட்டார். இரத்தம் இரைந்து பாயும் ஓசை! டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில், இடப்பக்கத் தமனி பாதிக்கு மேல் குறுகியிருப்பது தெரிந்தது.

கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்பவை கரோடிட் தமனிகள். மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காடு அதற்கே வேண்டும். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் தமனியின் உட்சுவரில் படிவு சேர்ந்து வழி குறுகுகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையலாம். படிவிலிருந்து பிரியும் துணுக்குகள் மூளையின் நாளங்களை அடைக்கலாம். பக்கவாதம் வராதவர்களிடமும் நினைவாற்றலும் சிந்தனை வேகமும் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

“மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது” என்றார் மருத்துவர். மாத்திரைகள் தந்தார், பீடியை அறவே விடச் சொன்னார். அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டோம். “அது பக்கவாதத்தைத் தடுப்பதற்கானது. இழந்த நினைவு திரும்பும் என்று உறுதி கூற இயலாது” என்று ஒளிவின்றிச் சொன்னார்.

வாப்பாவின் பழைய வேகம் திரும்பவில்லை. மாறியவர்கள் நாங்கள்தாம். அவர் சொல்லைத் தேடும்போது காத்திருக்கிறோம். சாவி மீண்டும் அவர் இடுப்பில் இருக்கிறது. மாலையில் பேரன் அருகிலமர்ந்து கணக்கைச் சரிபார்க்கிறான்.

வாசகர்களே! திடீரென முகம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், ஒரு கண் இருளுதல் ஆகியவை சில நிமிடங்களில் மறைந்தாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். மெல்ல வரும் தடுமாற்றத்தையும் முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவரைக் கடிந்துகொள்ளுமுன் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் அதைச் செய்ய ஓராண்டு தாமதித்தேன்.