தொட்டி நிறைந்திருந்தது

அக்கா பேரன் பழைய கார் ஒன்று வாங்கினான். மறுவாரமே கொல்லிமலைக்குக் கிளம்பிவிட்டான். காரவள்ளியிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொஞ்சம் விரட்டி ஓட்டிப் பார்க்க ஆசையாம். "போய்ட்டு வாடா. பிரேக் ஆயில் எப்ப மாத்தினது?" என்று கேட்டேன். பானெட்டைத் தூக்கிக் காட்டினான். "ஃபுல்லா இருக்கு தாத்தா."

எனக்கும் அன்றைக்கு ஃபுல்லாகத்தான் இருந்தது.

அதே மலை. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் நான்கு பலாப்பழம். இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே இறங்கினேன். பாதி வளைவுகளைத் தாண்டும் முன்பே கருகல் வாடை. பெடல் கெட்டியாகத்தான் இருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் வேகம் மட்டும் குறையவில்லை. பேட் சூடேறிப் பிடிமானத்தை இழந்தால் இப்படித்தான் ஆகும். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு வளைவு போனதும் பெடல் பஞ்சு போலாகி, அடிவரைக்கும் போய்விட்டது. திரும்பத் திரும்ப மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது கியர், அப்புறம் இரண்டாவது. ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப் பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். பின்சீட்டில் என் அம்மா என் பெயரைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது! எதுவுமே நடக்காதது போல. என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான்.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தொட்டி மூடியின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் வருஷக்கணக்கில் உள்ளே சேரும். புது டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இவை 230, 155. டாட் 5.1க்கு 260, 180. தொடர்ந்து பிரேக்கில் இறங்கும்போது சக்கரத்தருகே இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் கால் பலமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறினால் குமிழ் மறுபடி திரவமாகிவிடும், பெடலும் திரும்பி வந்துவிடும். நான் வருஷா வருஷம் குறைந்ததை ஊற்றி நிரப்பினேனே தவிர, ஒரு தடவைகூட முழுசாக மாற்றவில்லை.

"அப்ப ரேஸ் ஆயிலே ஊத்திடலாமா தாத்தா?" என்றான், இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பேரன். 300 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காத ஆயில் கிடைக்கிறதுதான். ஆனால் பந்தயக்காரர்கள் அதை அடிக்கடி மாற்றுகிறவர்கள். வீட்டு வண்டிக்குப் புதிதாக ஊற்றிய நல்ல டாட் 4 போதும். கையேடு அனுமதித்தால் டாட் 5.1. பெயர் ஒன்று போலிருக்கிறதே என்று டாட் 5ஐ மட்டும் தொடாதே. அது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எந்த ஆயிலானாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. திறந்து பாதி மீந்த டப்பாவை அலமாரியில் வைத்திருந்து அடுத்த வருஷம் ஊற்றாதே. அப்புறம், ஏறின கியரிலேயே இறங்கு.

சனிக்கிழமை இருவரும் ஜாக்கி போட்டு உட்கார்ந்தோம். அவன் பெடலை மிதித்துப் பிடிக்க, நான் சக்கரத்தருகே இருக்கும் பிரேக் நிப்பிளைத் தளர்த்தினேன். பாட்டிலில் விழுந்தது கடுங்காப்பி நிறம். நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து, வெளிர் மஞ்சளாக வரும்வரை விட்டோம். கடைசியில் அவனே தொட்டியின் மேல் ஒரு டேப் ஒட்டி, பேனாவால் அன்றைய தேதியை எழுதினான்.