சீட்டுப் பணமும் மடிக்கணினியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

மடிக்கணினி வாங்கப் புறப்படும் மாணவன் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன விலை?" என்பதே. என் அம்மா கேட்ட கேள்வி வேறு. மாதந் தவறாமல் கட்டிவந்த சீட்டை எடுத்து, 25,000 ரூபாயை என் கையில் கொடுத்தபோது, "இது எத்தினி வருசம் ஒழைக்கும் கண்ணு?" என்று மட்டுமே கேட்டார். அவர் கணினியைத் தொட்டறியாதவர். ஆயினும், எந்த விளம்பரமும் விடை சொல்லாத கேள்வி அது. பட்டப்படிப்பில் எஞ்சிய இரண்டாண்டு, மேற்படிப்பு இரண்டாண்டு, ஆக நான்காண்டாவது அது உழைத்தாக வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டேன்.

"அரசு தருமே, அதுவரை பொறுத்தால் என்ன?" என்று நண்பர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் வழங்கலும் தொடங்கிற்று. நான் சொல்வதோ 2025 ஜூன் மாதத்துக் கதை. மூன்றாம் பருவத்தில் பைதான் செய்முறைத் தாள் காத்திருந்தது. கைப்பேசியின் சிறு திரையில் நிரல் எழுதிப் பார்த்தேன். பைதானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. அந்த இடைவெளிகளைக் கட்டைவிரலால் எண்ணி எண்ணித் தட்டியவர்களுக்கே அத்துன்பம் தெரியும்.

காத்திருக்காவிட்டாலும், அரசின் அறிவிப்பு எனக்கு வேறு வகையில் பயன்பட்டது. அந்த மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்ய எல்காட் நிறுவனம் கோரிய ஒப்பந்தப்புள்ளியில், 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்று குறித்திருந்தார்கள். லட்சக்கணக்கில் வாங்குவோர் விவரம் அறிந்தவர்களைக் கலந்துதானே எழுதியிருப்பார்கள்! அதையே என் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொண்டேன். காசில்லாமல் கிடைத்த ஆலோசனை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, என் பணத்துக்குள் அடங்கிய புத்தம் புதிய மடிக்கணினிகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. மெல்லிய உடல், மின்னும் மூடி. உள்ளே செலரான் செயலி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இ.எம்.எம்.சி. சேமிப்பகம். விண்டோஸ் 11 இயங்க மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் குறைந்த அளவே இந்த நான்கும் அறுபத்து நான்கும்தான். வாசற்படியில் தலை இடிக்காமல் நுழையலாம். உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லை. போதாக்குறைக்கு, இ.எம்.எம்.சி. தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். நாளை பெரிதாக மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. 'புதுசு' என்ற ஒரு சொல்லுக்காகக் கொடுக்கும் பணம் அது என்பது என் கருத்து.

ஆகவே பழையதைத் தேடினேன். பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்க்குத் தரும் மடிக்கணினிகளை மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுகின்றன. மொத்தமாக விற்கப்படும் அவை, துடைத்துச் செப்பனிடப்பட்டுச் சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களுக்கு வந்து சேர்கின்றன. அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கும் அந்தத் தெருவுக்கு என் தாய்மாமனைத் துணைக்கு அழைத்துச் சென்றேன். மாமா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிப் பழகியவருக்கு, கடைக்காரர் விலையை உரக்கச் சொன்னதே முதல் அதிர்ச்சி. "என்ன கண்ணு இது, நாலு பேரு கேக்கறாப்புல சொல்றான்!" என்றார்.

முதற் கடையில், "ஐ5 இருக்கு, பதிமூணாயிரம்" என்று ஒன்றை நீட்டினார்கள். ஐ5 என்றாலே போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது குலப்பெயர் மட்டுமே. வயதைச் சொல்வது அதன் பின்னால் வரும் எண். ஐ5-6300யு என்றால் ஆறாம் தலைமுறை. ஐ5-8350யு என்றால் எட்டாம் தலைமுறை. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதற்கொண்டே விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களோ 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிடும் என முன்பே அறிவித்திருந்தார்கள், அவ்வாறே நின்றன. அவர்கள் நீட்டியது ஆறாம் தலைமுறை. அதில் லினக்ஸ் போட்டுக்கொண்டு காலந் தள்ளலாம். பைதானுக்கு அது போதும். ஆனால் என் நான்காண்டுக் கணக்கு உதைத்தது. இதை மாமாவுக்கு விளக்கியதும், "பல்லைப் புடிச்சுப் பாக்கறதுன்னு சொல்லு" என்றார். அவ்வளவேதான்.

மூன்றாவது கடையில் பல் சரியாக இருந்தது. லெனோவோ திங்க்பேட் டி480, 2018இல் வெளிவந்த வகை, எட்டாம் தலைமுறை. 8 ஜிபி, 256 ஜிபி இரண்டும் பொருந்தின. நினைவகம் செருக இரண்டு இடங்கள், ஒன்று காலி. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும்படி இன்னொன்று. "அஞ்சு மணி நேரம் நிக்கும்" என்றார் கடைக்காரர். கட்டளைச் சாளரத்தில் 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்ட அளவும் இப்போது கொள்ளும் அளவும் ஓர் அறிக்கையாக வரும். வெளிப் பேட்டரி பாதிக்கும் கீழே தேய்ந்திருப்பதை அது காட்டிற்று. மாமாவிடம் சொன்னதுதான் தாமதம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடங்கிவிட்டார். 20,500 ரூபாய் 18,500க்கு இறங்கியது. வெளிப் பேட்டரியும் மாறியது. எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்து, துளைகளில் பென்டிரைவ் செருகிப் பார்த்து, வரிசை எண்ணையும் ஆறு மாத உத்தரவாதத்தையும் ரசீதில் எழுதி வாங்கினோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. புத்தகப் பையில் வைத்துப் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது அதன் எடையைத் தோள் அறியும். திரையின் நிறம் சற்று மங்கல். மூடியில் எந்த நிறுவனமோ ஒட்டியிருந்த சொத்து எண்ணின் பசைத் தடம் இன்னும் போகவில்லை. நம் துறைப் பேராசிரியர் ஒருவர் அதைப் பார்த்து, "உனக்கு முன்னாடியே வேலைக்குப் போய் வந்துவிட்டதா?" என்று சிரித்தார். மூன்றாம் பருவச் செய்முறை முழுவதும் அதில்தான் முடிந்தது. பைதானும் இலவசம், லிபர்ஆபிஸும் இலவசம் என்பதால் மென்பொருளுக்கென்று ஒரு காசும் செலவில்லை.

இனி வாங்க எண்ணும் முதலாண்டு நண்பர்களுக்கு ஒரு செய்தி. "4 ஜிபி உள்ளதை வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்" என்னும் யோசனை இப்போது அவ்வளவாகக் கைகொடுக்காது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால், 2025ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றின் விலை கடுமையாக ஏறிற்று. என் கணினியின் இரண்டாம் இடத்தில் இன்னொரு 8 ஜிபி செருகலாம் என்று பொங்கல் விடுமுறையில் கடைக்குப் போனேன். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.