பரணில் ஒரு ‘ணங்’

மிச்சிகனில் அக்டோபர் முதல் தேதி வில்வேட்டை தொடங்குகிறது. நவம்பர் 14 வரை காடு வில்லாளிகளுக்கு. 15-இலிருந்து மாதக் கடைசி வரை துப்பாக்கிக்காரர்களுக்கு. டிசம்பர் பிறந்ததும் மறுபடி வில். குறி, வெள்ளைவால் மான். வேட்டைக்காரர் காத்திருக்கும் இடம் பெரும்பாலும் ஒரு மரம்: பதினைந்து, இருபது அடி உயரத்தில் அலுமினியத்திலோ இரும்பிலோ செய்து கட்டிய சின்னப் பரண். நம் குறிஞ்சிநிலத்துப் பெண்கள் தினைப்புனத்துப் பரணில் ஏறியதே சத்தம் போடத்தான்; கிளியோட்டக் குளிர், தட்டை என்ற ஒலிக்கருவிகளைக் கையில் வைத்திருந்தார்கள். இந்த ஊர்ப் பரணில் ஏறுகிறவர் மூச்சு விடுவதைக்கூட யோசித்துச் செய்கிறார். அவர் வாயை அவர் கட்டிக்கொள்வார்; பரணின் வாயை யார் கட்டுவது? செப்டம்பர் முழுக்கப் பல வீட்டுக் கார் கொட்டகைகளில் அதற்கான ஆராய்ச்சிதான். துணி டேப், ஃபெல்ட், ரப்பர் குழாய், பாராசூட் கயிறு என்று உபகரணத்துக்கு ஒரு சட்டையே தைத்துப் போடுகிறார்கள். இந்த உழைப்பில் பாதி வீண் என்பது என் கட்சி. சத்தத்தைப் போர்த்தி மூடுவதைவிட, அது பிறக்கும் மூட்டுகளையும் கொக்கிகளையும் குறைப்பதே உருப்படியான வழி.

மானைக் கொல்கிற காரியத்தில் நுணுக்கம் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, 1991-இல் திருத்தி, வேட்டைக்கு அநேகமாக முற்றுப்புள்ளி வைத்த நாட்டிலிருந்து அந்தக் கேள்வி வருவது நியாயம்தான். இங்கே கதை வேறு. 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் சுமார் ஐந்து லட்சமாகச் சுருங்கியிருந்த வெள்ளைவால் மான்கள் இன்று மூன்று கோடி அளவில் இருக்கின்றன. மிச்சிகன் சாலைகளில் மட்டும் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மான்மீது மோதுகின்றன. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி எடுத்து வனவிலங்குப் பராமரிப்புக்குக் கொடுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வில் உபகரணங்களும் வந்த ஆண்டு, தற்செயலாக, அதே 1972. கொல்லலாமா என்ற விவாதத்தை இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்வோம். கொல்வதென்று ஆனபின், மான் சட்டென்று சாகிறதா, காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகிறதா என்பது சின்ன விஷயம் அல்ல. அதற்கும் பரணில் எழும் ஒரு ‘ணங்’குக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது.

முதலில் மானின் காது. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், வெள்ளைவால் மானின் காது மிகக் கூர்மையாக இருப்பது நாலாயிரம் முதல் எட்டாயிரம் ஹெர்ட்ஸ் வரையான ஒலிகளுக்கு. மனிதக் காது கூர்மையாக இருக்கும் எல்லை அதைவிடச் சற்றுத் தாழ்ந்தது. மேல் எல்லையிலும் நமக்கு இருபதாயிரத்தோடு கதவு சாத்திவிடும். மானுக்கு முப்பதாயிரத்துக்கு அப்பாலும் கேட்கும். ஆக, நமக்கு மெல்லியதாகப் படுகிற உயர்சுருதிச் சத்தம் மானுக்கு மெல்லியது அல்ல. சின்னதாகவும் விறைப்பாகவும் உள்ள உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தட்டும்போது எழுவது பெரும்பாலும் இந்த உயர்ந்த ஒலிதான். எவர்சில்வர் கரண்டி தரையில் விழுவதற்கும் உலக்கை விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காட்டில் உலக்கை விழுகிற மாதிரியான சத்தங்களுக்குப் பஞ்சமில்லை: காய்ந்த கிளை முறியும், ஓக் மரத்துக் காய்கள் பொத்தென்று விழும், சருகில் அணில் ஓடினால் ஆளே நடப்பதுபோல் இருக்கும். உலோகத்தைத் தட்டுகிற பிராணி மட்டும் கிடையாது. இதோடு வானிலையும் சேர்ந்துகொள்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத நவம்பர் விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே போகவேண்டிய ஒலி அப்போது கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகிறது. வேட்டைக்காரர்கள் பரண் ஏறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. 1969-இல் மிசூரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில், அதன் உருளைகளின் உதவியால் வேட்டையில் அம்பின் வேகத்தைக் கூட்டியது. ஆனாலும் இன்றைய வேட்டை அம்பு நொடிக்கு 280 அடி அளவில்தான் போகிறது. ஒலி 1,100 அடிக்கு மேல். வேட்டைக்காரர் எய்யும் தூரம் சாதாரணமாக இருபது கெஜம், அதாவது 60 அடி. நாண் அதிரும் ஓசை ஏறத்தாழ நொடியில் இருபதில் ஒரு பங்கில் மானை எட்டிவிடும். அம்பு போய்ச்சேர ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். இடைப்பட்ட கண்ணிமைப்பில், பாய்வதற்காக மான் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. நிம்மதியாக மேயும் மானுக்கு அந்த அவகாசம் அநேகமாகப் போதாது. ஏற்கெனவே ஏதோ கேட்டுத் தலை நிமிர்ந்து, காதைத் திருப்பி, தசைகள் முறுக்கேறி நிற்கும் மானுக்குப் போதும். இதயமும் நுரையீரலும் இருக்கிற இலக்கு ஏறத்தாழ ஒரு சாண்தான். அதில் பாதி தாழ்ந்தாலே அம்பு எலும்பிலோ முதுகுத் தசையிலோ தைக்கும். பத்து நிமிஷத்துக்கு முன் பரணில் கேட்ட சத்தத்தின் விலையை மான் இப்படிக் கொடுக்கிறது. வில்லை எவ்வளவு அமைதியாக்கினாலும் இந்தப் பதற்றம் தீராது.

சரி, சத்தம் எங்கே பிறக்கிறது? உட்கார்ந்த பிறகு அல்ல, பெரும்பாலும் ஏறும்போது. மரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி ஏறுகிற குட்டி ஏணித் துண்டுகளை இங்கே ‘ஸ்டிக்’ என்கிறார்கள். மூன்று நான்கு ஸ்டிக்குகளை முதுகில் சுமந்துபோய், ஒவ்வொன்றையும் பட்டையால் அடிமரத்தில் இறுக்கவேண்டும். இருட்டில் இடது கை ஸ்டிக்கை மரத்தோடு அழுத்திப் பிடித்திருக்க, வலது கை பட்டை நுனியை மரத்தைச் சுற்றி வீசும். அந்தப் பட்டையில் ஓர் உலோக பக்கிள் தொங்குகிறது. சுற்றி வரும் வேகத்தில் அது ஸ்டிக்கின் குழாயில் மோதும்: ணங். குழாய்க்கு எத்தனை முழம் டேப் சுற்றியிருந்தாலும் பக்கிள் டேப் ஒட்டாத இடமாகப் பார்த்துத்தான் அடிக்கும். பட்டையையும் பக்கிளையும் கழற்றிவிட்டு, கப்பலைத் துறையில் கட்டிவைக்கவும் பயன்படுகிற உயர்வலு பாலிஎதிலீன் கயிற்றை ஸ்டிக்கில் உள்ள கொம்பில் எட்டுப்போல் சுற்றி இறுக்கினால், மோத ஒன்றுமே இல்லை. பரணின் முனகலும் இப்படித்தான். கீல் போல்ட்டில் இரண்டு உலோகத் தகடுகள் ஒட்டியும் வழுக்கியும் உரசுவதால் வருவது அது; நடுவில் ஒரு நைலான் வாஷர், கொஞ்சம் மெழுகு, சரியான முறுக்கு, அவ்வளவு போதும். எண்ணெய் விடுவது மகா தப்பு: முனகல் போய் நாற்றம் வரும். மரத்தில் கச்சையில் தொங்கியபடி வேட்டையாடும் ‘சேடில்’ இப்போது பரவிவருவதற்கு எடைக் குறைவு முக்கியக் காரணம். ஆனால் இருக்கை, அதன் கீல், கம்பி எல்லாம் ஒரேயடியாக ஒழிந்துபோவது எனக்கு அதைவிடப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

மானுக்குச் சத்தம் பழகிவிடும், டிராக்டரும் நெடுஞ்சாலையும் பக்கத்தில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். பழகும், உண்மைதான். ஆனால் பழகுவது இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் கேட்கும் சத்தத்துக்கு. டிராக்டர் வயலில் ஓடினால் மான் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. டிராக்டர் சத்தம் மரத்தின் உச்சியிலிருந்து வந்தால் பார்க்காதா? இன்னொரு மறுப்பு கனமானது: மான் நம்புவது மூக்கை, காற்று தவறினால் அமைதி ஒன்றுக்கும் உதவாது. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். காற்றின் திசை பார்க்காமல் டேப் சுற்றுகிறவர் நேரத்தை வீணடிக்கிறார். ஆனால் காற்று நம் வசத்தில் இல்லை. மரத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். பக்கிள் நம் வசத்தில் இருக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அமைதி மோகத்தில் பாதுகாப்பைக் கைவிடுவது. டேப்பும் போர்வையும் பற்றவைத்த மூட்டுகளை மறைத்தால் விரிசல் கண்ணுக்குப் படாது. ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். பக்கிளின் பல்லில் பசை ஏறினால் பட்டை வழுக்கும். நான் மெச்சிய கயிற்றுக்கும் ஒரு குணம் உண்டு: அது வழவழப்பானது, சாதாரண முடிச்சு நிற்காது, உரசிச் சூடேறினால் மற்ற கயிறுகளைவிடச் சீக்கிரம் உருகும். ஸ்டிக்கைக் கட்டத் தகும், உயிரைப் பிடிக்கிற உராய்வு முடிச்சுக்குத் தகாது. பரணிலிருந்து விழுவது இந்நாட்டு வேட்டைக்காரர்களின் தலையாய விபத்துகளில் ஒன்று என்று தெரிந்தும், ஹார்னஸ் என்ற பாதுகாப்புக் கச்சையின் கொக்கி சத்தம் போடுகிறது என்று கச்சையையே காரில் விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கொக்கி சத்தம் போடுவது, மேலே போன பிறகு இருட்டில் துழாவி மாட்டுவதால். பரணுக்கு மேலே ஒரு கயிற்றைக் கட்டித் தரைவரை தொங்கவிட்டு, அதில் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் பெயரால் வழங்கும் முடிச்சைப் போட்டுவிட்டால், தரையில் நிற்கும்போதே ஒரே தடவை மாட்டினால் போதும். முடிச்சைக் கையால் மேலே தள்ளித் தள்ளி ஏறலாம். பாரம் விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கயிறு கயிற்றின்மேல் நகர்வதால் சத்தமே கிடையாது. பரண் கட்டும் நாளிலேயே இதையும் கட்டிவிட்டு வரலாம். செலவு, ஒரு நல்ல டேப் சுருளைவிடக் கொஞ்சம் அதிகம்.